நாயின் இடது பக்கம் என்னுடையது

டீச்சர் தன் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது நான் வேறொரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த தெருக்காரர். பத்து வருஷமாக என்னிடம்தான் தைக்கிறார். கோபப்படவே தெரியாதவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பட்டு ஜாக்கெட்டை மேஜையில் விரித்து, கையை உள்பக்கமாகப் புரட்டிக் காட்டினார்.

"அக்கா, இதுக்குள்ள யாரோ இருக்காக."

பார்த்தேன். பட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு கொத்து வெள்ளை முடி. மேலே ஒரு தையல், கீழே ஒரு தையல் என்று நானே அழகாகச் சிறை வைத்திருந்தேன். இழுத்தாலும் வராது. தங்கை மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். தாலி கட்டுகிற நேரம் முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டே நின்றாராம். வீடியோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் அது மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறதாம்.

முடிக்குச் சொந்தக்காரர் அப்போது என் மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலின்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் காமயகவுண்டன்பட்டியில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறவள். என் வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம். நாய் எங்கள் மகள் கொண்டுவந்தது. அவள் குமுளியில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்தபோது அங்கிருந்த சடைநாய் ஒன்று குட்டி போட்டது. தாய் நல்ல சாதி என்றார்கள். அப்பனை யாரும் பார்க்கவில்லை. மலையாளத்தில் பட்டி என்றால் நாய். குட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பியபோது கூட வேலை பார்த்தவர்கள், "பட்டி பட்டிக்குப் போயி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அப்புறம் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அங்கே வாடகை வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லை. நாய் எங்களோடு தங்கிவிட்டது.

அவள் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். என் வாயிலும் அது நிற்கவில்லை, என் வீட்டுக்காரர் வாயிலும் நிற்கவில்லை. அவர் யாரைக் கூப்பிட்டாலும் "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் அவர் ஏலே என்று கத்தினால் ஆள் வருவதற்கு முன்னால் நாய் வந்து நிற்கும். அதனால் அதுவே அதன் பெயராகிவிட்டது.

"நாய் தோட்டத்துக்குத்தான். வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று முதல் நாளே அவர் சட்டம் போட்டார். அந்தச் சட்டம் முதல் மழை வரைக்கும் இருந்தது.

அது பெரிய நாய் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் ஒரு சுமாரான பலாப்பழம். ஆனால் உடம்பு முழுக்க முடி. காதிலிருந்து தொங்கும், வாலிலிருந்து தொங்கும், கால் விரலுக்கு நடுவேகூட முளைத்திருக்கும். தினமும் அவரோடு மொபெட்டில் முன்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போகும். சாயங்காலம் வரும்போது வரப்பில் இருக்கிற நாயுருவி, ஒட்டுப்புல், காய்ந்த இலை எல்லாம் கூடவே வரும். தினம் பத்து நிமிஷம் சீவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாங்கள் சீவவில்லை. காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றடியில் எல்லாம் சிக்கு விழுந்து, தேங்காய் நார் மாதிரித் திரண்டு கிடந்தது.

டீச்சரின் ஜாக்கெட் கையைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இங்கேருங்க, இதுக்கு முடி வெட்டணும். தேனியில நாய்க்கு முடி வெட்டுறதுக்குன்னே ஒரு கடை இருக்காம்."

அவர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "நாய்க்கு சலூனா?"

"ஆமா. குளிப்பாட்டி, நகம் வெட்டி, எல்லாம் செஞ்சு விடுவாகளாம்."

"எனக்கு முடி வெட்டணும்னா சந்தைப்பேட்டை வரைக்கும் நடந்து போறேன். இது தேனி வரைக்கும் போகணுமா?" என்றவர், கொஞ்ச நேரம் சாப்பிட்டுவிட்டு, "நீ துணி வெட்டுறவ. நான் கொடி வெட்டுறவன். நம்ம வீட்டுல இருக்கிற கத்தரிக்கு வெளிய போய் வெட்டுனா சிரிக்க மாட்டாகளா" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் பட்டது. அங்கேதான் தப்பு நடந்தது.

கம்பத்தில் கால்நடை டாக்டரிடம் ஊசி போடக் கூட்டிப்போனபோது நான் கேட்டும் வைத்தேன். அவருக்கு அன்று வரிசையாக மாடுகள். எங்கள் நாயை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "சிக்கை மட்டும் எடுங்க. ஒட்ட வழிச்சிராதீக, வெயிலு தோலைப் பொசுக்கிரும். மொதல்ல சீவுங்க, அப்புறம் குளிப்பாட்டுங்க" என்றார். பின்னால் நின்ற பசுமாடு அதே நேரம் கத்தியதில் கடைசி வாக்கியம் எனக்கு மாறி விழுந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் போட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி, முதலில் குளிப்பாட்டினோம்.

மகள் தபாலில் அனுப்பியிருந்த நாய் ஷாம்பூ. நல்ல வாசனை. தண்ணீர் பட்டதும் நாய் பாதியாகச் சுருங்கியது. இவ்வளவு நாளும் நாங்கள் சோறு போட்டு வளர்த்தது பெரும்பாலும் முடிதான் என்று தெரிந்தது. அது எங்களைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு பத்திரத்தைப் படித்துப் பார்க்கிறபோது அப்படிப் பார்ப்பார்கள்.

துண்டால் துவட்டி, வெட்டுகிற மேஜையில் பழைய போர்வையை விரித்து நிறுத்தினேன். சீப்பை வைத்தேன். இறங்கவில்லை. நேற்றுவரை விரல் விட்டுப் பிரிக்கக்கூடியதாக இருந்த சிக்கெல்லாம் தண்ணீர் குடித்து இறுகி, செருப்பு அடித்தோல் மாதிரி ஆகிவிட்டது. கம்பளித் துணியை நனைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாயும் கம்பளிதான் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"காயட்டும்" என்று ஃபேனைப் போட்டேன். அது ஒரு மணி நேரம் காய்ந்தது. நாங்கள் டீ குடித்தோம். அதற்கு ஒரு ரொட்டி கொடுத்தோம். வாங்கிக்கொண்டது, ஆனால் முகம் கொடுக்கவில்லை.

பிறகு நான் ஆரம்பித்தேன். என் துணிக் கத்தரியைத் தொடவில்லை. அதைக் காகிதம் வெட்டக்கூட நான் யாரிடமும் கொடுப்பதில்லை. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்தேன். அவர் தலைப்பக்கம் நின்று பிடித்துக்கொண்டார். கழுத்தில் கட்ட வேறொன்றும் கையில் அகப்படாததால் சேலைக் கரையில் மிஞ்சிய ஒரு பச்சைத் துண்டைக் கட்டி அதன் நுனியை அவர் விரலில் சுற்றிக்கொண்டார்.

இடது பக்கம் என் பக்கம் இருந்தது. அதனால் அங்கிருந்து தொடங்கினேன். சிக்கைப் பிடித்துக்கொண்டு, தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பைச் செருகி, அதற்கு மேலே மட்டும் வெட்டினேன். கொஞ்சம் வெட்டுவேன், சீவுவேன், தள்ளி நின்று பார்ப்பேன். ஒரு சிக்கைப் பிரித்தால் உள்ளே இன்னொன்று இருக்கும். ஒன்றுக்குள் ஒரு முழு நாயுருவிக் கதிர் இருந்தது. ஓரத்தில் ஏற்றத்தாழ்வு வராமல் ஓர் அங்குல நீளத்துக்கு ஒரே மட்டமாகக் கொண்டுவந்தேன். முன்தொடையில் ஒரு வளைவு. நானே சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. புதுப் பஞ்சு மாதிரி உப்பி நின்றது.

ஒரு பக்கம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. அவருக்குக் கை மரத்துப் போய்விட்டது.

"நீ வெட்டுற வேகத்துக்கு மறுபக்கம் முடியுறப்போ இந்தப் பக்கம் வளந்துரும்" என்றார்.

"இது நாயிங்க. துணி இல்ல. அசையுதுல்ல."

"தள்ளு. நான் காட்டுறேன்."

உள்ளே போய்க் கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தார். கொடி வெட்டுகிற கத்தரி, சுருள் கம்பி வைத்தது. லுங்கியில் துடைத்தார். 

"அது எதுக்கு. விரல் மொத்தக் கொடியை வெட்டுறதுக்கு வச்சிருக்கீக."

"முப்பது வருசமா இதுல வெட்டுறேன். ஒரு கொடிக்குக் காயம் பட்டுருக்குமா? கவாத்துன்னா என்னன்னு நெனச்ச. பயந்து பயந்து வெட்டுனா நாசமாப் போகும். அழுத்தி வெட்டுனாத்தான் நல்லாத் தழைக்கும். துளிர் வர்ற ரெண்டு கண்ணு விட்டுட்டு மிச்சத்தை எடுத்துறணும்."

"நாய்க்கு இருக்கதே ரெண்டு கண்ணுதான். அதைப் பாத்து விடுங்க."

அவர் சிரிக்கவில்லை. வேலையில் இறங்கினால் சிரிக்க மாட்டார். நாங்கள் இடம் மாறினோம். நான் தலையைப் பிடித்தேன். அவர் வலது பக்கம் போனார். என்னிடம் நெளிந்து வளைந்த நாய் அவரிடம் அசையாமல் நின்றது. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. பிறகு புரிந்தது, அது பயத்தில் மூச்சுகூட விடவில்லை.

பத்தே நிமிஷம். சிக்கு சிக்காகப் பிடித்தார், டக் என்று வெட்டினார், அடுத்ததுக்குப் போனார். முழுச் சிக்கும் கையோடு வரும். தரையில் ஓர் ஆட்டுக்குட்டி அளவுக்கு முடி விழுந்தது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் பார்ப்பதற்கு, தண்ணீர் வராமல் போன வயலில் தாளடி நிற்பது போல் இருந்தது. சில இடத்தில் குச்சி குச்சியாக, சில இடத்தில் இளஞ்சிவப்புத் தோல் தெரியப் படிக்கட்டுப் படிக்கட்டாக.

"ம்" என்றார், கத்தரியை மடக்கி. திருப்தியாகத்தான் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மதினி, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்ததை வாங்க வந்தவர். "என்ன, பட்டப்பகல்ல ஃபேனைப் போட்டுட்டு..." என்று கதவைத் தள்ளினார். மேஜைமேல் நிற்பதைப் பார்த்தார். திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அந்த இடைவெளி போதுமாக இருந்தது. நாய் மேஜையிலிருந்து குதித்து, மதினியின் காலுக்கு நடுவே புகுந்து, கேட்டைத் தாண்டி, கழுத்தில் பச்சைத் துணி பறக்கத் தெருவில் ஓடியது.

"அது என்னது?" என்று கேட்டார் மதினி.

 என் வீட்டுக்காரர் மொபெட்டை உதைத்தார், நான் பின்னால் ஏறினேன். என் மடியெல்லாம் முடி. அவர் சட்டையெல்லாம் முடி. தெருமுனைக்கு வந்தபோது நாயைக் காணோம்.

மெயின் ரோட்டில் ஒரு பக்கம் டீக்கடை, எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருந்தது. எனக்குப் பதற்றம். எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை. வண்டியிலிருந்தபடியே "ஏலே, ஏலே" என்று கத்திவிட்டேன். டீக்கடை பெஞ்சில் இருந்த ஆறு ஆம்பிளைகளும் ஒன்றாகத் திரும்பினார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன். அவருக்கு முன்னால் நான் சத்தமாகத் தும்மியதுகூட இல்லை.

"உங்களை இல்ல. நாயை" என்றார் என் வீட்டுக்காரர். அது நிலைமையை நல்லதாக்கவில்லை.

"நாயா?" என்றார் டீ ஆற்றுகிறவர். "இப்பத்தான் ஒண்ணு போச்சு. அழகா இருந்துச்சு. வெள்ளைவெளேர்னு, புசுபுசுன்னு. சுருளிப்பட்டி ரோட்டுப் பக்கம் ஓடுச்சு."

நான் நிம்மதியோடு எதிர்ப்பக்கம் போய்ப் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டேன். கூடை வைத்திருந்த ஓர் அம்மா முகத்தைச் சுளித்தார்.

"நாயா அது? பாவம், சொறி புடிச்சு உதுந்து போயி... முடியே இல்ல. கிட்டக்கப் போகாதீக, ஒட்டிக்கிரும்."

டீ ஆற்றுகிறவருக்கு இது கேட்டுவிட்டது. "சொறி நாயா? ஏம்மா, கண்ணு தெரியலையா. பொம்மை மாதிரிப் போச்சு."

"நான் பொய்யா சொல்லுதேன்? தோலு தெரிஞ்சுச்சு."

"கழுத்துல பச்சைத் துணி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இருந்தாலும் அது வேற நாயிதான்."

"ரெண்டு நாயும் ஒரே மாதிரித் துணி கட்டிக்கிட்டு ஒரே நேரத்துல ஓடுமா?"

ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒரு கட்சி, அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒரு கட்சி. புசுபுசு என்று சொன்னவர்கள் நாயின் இடது பக்கத்தைப் பார்த்தவர்கள். சொறி என்றவர்கள் வலது பக்கத்தைப் பார்த்தவர்கள். எனக்கு மட்டும் அது விளங்கியது. என் வீட்டுக்காரருக்கும் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் காது சிவந்துவிட்டது. விளக்கம் சொல்ல அவர் நிற்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

சுருளிப்பட்டி ரோட்டில் அன்று வண்டி அதிகம். அருவிக்குப் போகிற வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவர் மெதுவாக, ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். இரண்டு தடவை வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக எதுவோ கிடப்பதைப் பார்த்து நிறுத்தினார். ஒன்று உரச் சாக்கு. இன்னொன்று யாரோ விட்டுப்போன பனியன். இரண்டாவது தடவை வண்டியிலிருந்து இறங்கிப் போய் அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். மகளை வேலைக்குப் பஸ் ஏற்றிவிட்ட அன்று இருந்த முகம்.  அவர் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டேன்.

"சும்மா இருந்த நாயை" என்றார் அவர். வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் தோட்டத்துக்குப் போகிற மண் பாதையில் திரும்பினோம். பந்தலுக்கு அடியில் அன்று இலை கிள்ள வந்திருந்த நான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்கு நடுவே எங்கள் நாய். சொட்டுநீர்க் குழாய் ஒழுகிய இடத்தில் நன்றாகப் புரண்டுவிட்டு, கழுத்துவரை சேற்றோடு, யாரோ வைத்த கருவாட்டுத் தலையைத் தின்றுகொண்டிருந்தது. ஷாம்பூ வாசனையெல்லாம் போயிருந்தது.

எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. வாலில் மட்டும் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் அது ஒரு விசிறி மாதிரி ஆடியது.

அந்தப் பெண்களில் மூத்தவர் எழுந்து வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். "அண்ணே, இங்கன வந்தப்போ நாங்க ஒரு கல்லை எடுத்துட்டோம். அப்புறம் அது இந்தப் பக்கம் திரும்புச்சு. அட, நம்ம நாயின்னு விட்டுட்டோம்."

"எந்தப் பக்கம் திரும்புச்சு?" என்று நான் கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன்.

"இடது பக்கம்."

என் வீட்டுக்காரர் நாயைத் தூக்கினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சேறெல்லாம் சட்டையில் அப்பிக்கொண்டது. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நாய் அவர் கழுத்தில் முகத்தை வைத்துக் கருவாட்டு நாற்றத்தோடு மூச்சு விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவசரப்பட்டுட்டேன்ல" என்றார். என்னிடம் சொன்னாரா, அதனிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.  

வீட்டுக்கு வந்து மறுபடி குளிப்பாட்டினோம். அவர் செய்த பக்கத்தை நீளமாக்க வழியில்லை. அதனால் நான் இரண்டு மணி நேரம் பாடுபட்ட பக்கத்தையும் அதற்கு இணையாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஜாக்கெட்டில் ஒரு கை குட்டையாகப் போய்விட்டால் மறு கையையும் குட்டையாக்குவோமே, அப்படி. ஆனால் அன்றே செய்யவில்லை. அதற்கும் தாங்காது, எங்களுக்கும் தாங்காது. ஒரு வாரம், தினம் சாயங்காலம் கால் மணி நேரம். ஒரு நாள் கழுத்து, ஒரு நாள் வயிறு, ஒரு நாள் பாதம். அந்த வாரம் முழுக்க அவர் தோட்டத்துக்குப் போகும்போது நாய்க்கு ஒரு பழைய சட்டையைப் போட்டுக் கூட்டிப்போனார், வெயில் படாமல் இருக்க. அவருடைய சட்டையை வெட்டி நான் சின்னதாகத் தைத்ததுதான். அளவெடுக்கும்போது மட்டும் அது என்னைக் கடிக்கப் பார்த்தது.

மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நாயைக் காட்டினோம். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள்.

"அம்மா, அதுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா?"

"அப்பா கவாத்துப் பண்ணுனாக" என்றேன்.

"ரெண்டு மாசத்துல பாரு. எப்படி வருதுன்னு" என்றார் அவர், என் பின்னாலிருந்து.

வந்தது. இரண்டு மாதத்தில் சீராக, சிக்கில்லாமல், முன்பைவிட நன்றாகவே வந்தது. கவாத்தால்தான் என்று அவர் சொல்கிறார். தினமும் சீவுவதால் என்று நான் சொல்கிறேன். இதில் எங்களுக்குள் முடிவு ஏற்படவில்லை.

சீவுவதை மட்டும் நிறுத்தவில்லை. சாயங்காலம் மிஷினை நிறுத்தியதும் அவர் வந்து பாயில் உட்கார்ந்து நாயை மடியில் வைத்துக்கொள்வார். நான் கம்பிப் பல் வைத்த பிரஷ்ஷால் சீவுவேன். கை வேலையாக இருக்கிறபோது வாய் தானாகத் திறக்கும் போலிருக்கிறது. மகள் போன பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு பேசியதில்லை. அவர் எந்த வியாபாரி எப்படி என்று சொல்வார். நான் எந்த ஜாக்கெட்டுக்கு என்ன வெட்டு என்று சொல்வேன். பிரின்சஸ் கட் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். தோளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் வளைத்து வெட்டி இணைப்பது, உடம்பில் சுருக்கமில்லாமல் உட்காரும் என்று நாயின் முதுகிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் வேறு எதைப் பற்றியோ யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டு நான் வாலைச் சீவப் போனேன்.

போன வாரம் திராட்சை வாங்க வருகிற வியாபாரி ஒருவர் எங்கள் வாசலில் லாரியை நிறுத்தினார். மீசை வைத்த, வாட்டசாட்டமான ஆள். விலை பேசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "அவுக தோட்டத்துல இருக்காக" என்றேன்.

"தெரியும் மதினி. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்" என்று ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் ஜாக்கெட் துணி, அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்.

"எங்க வீட்ல இருக்கவளுக்கு. பிரின்சஸ் கட்டாப் போட்டுருங்க" என்றார் அவர், மிகவும் தீவிரமாக. "அதுதான் சுருக்கமில்லாம உக்காரும்னு அண்ணன் சொன்னாக."